ஆடவர் பணிக்கொட்டகை இயக்கம்

ஆஸ்திரேலியாவில் 1990-களில் தோன்றிய இவ்வியக்கம், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றோ, மனைவியை இழந்தோ, வேலையற்றோ ஏகாந்தத்தில் வாடும் ஆடவர்க்குச் சிகிச்சை என்ற பெயரே இன்றி மன ஆறுதல் அளிக்கும் உன்னத முயற்சியாகும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா நகரில் 1993-இல் இதன் முன்னோடி அமைந்தது. விக்டோரியா மாநிலத்து டொங்காலாவில் 1998-இல் திறக்கப்பெற்ற கொட்டகையே இப்பெயரை முதலில் தாங்கியதென்பர்.

நேருக்குநேர் அமர்ந்து துக்கத்தை உரைக்க நாணும் ஆடவன், அருகருகே நின்று பலகைக்கு இழைப்புளி போடுகையிலும் பழைய மிதிவண்டியைச் செப்பனிடுகையிலும், பார்வை கைவேலையில் பதிந்திருக்க, நெஞ்சில் பல்லாண்டு அடக்கிவைத்த வேதனையைத் தானாகவே வெளியிடுகிறான் என்னும் அனுபவ உண்மையே இதன் ஜீவாதாரம். வல்லார் வகுத்த உபதேச முறைகள் பலவற்றினும் இவ்வெளிய ஏற்பாடு மனித சுபாவத்தை நன்குணர்ந்ததென்றே கூறவேண்டும். சில கொட்டகைகளில் முதிர்ந்த தச்சரும் கொல்லரும் தந்தையின் துணையற்ற இளைஞர்க்குத் தொழிலைப் போதித்து, அவ்வாயிலாக நல்வழியும் காட்டுகின்றனர். கற்பிப்பவர்க்கோ, தாம் இன்னும் பிறர்க்குப் பயன்படுகிறோம் என்ற திருப்தி உண்டாகிறது.

2007-இல் இக்கொட்டகைகளுக்கெனத் தேசிய சங்கம் நிறுவப்பெற்றது. 2010-இல் வெளியான அரசாங்கத்தின் ஆடவர் சுகாதாரக் கொள்கையும் இவ்வியக்கத்தை ஆதரித்தது. கடும் மனச்சோர்வுற்றவர்க்கு வைத்தியரின் ஸ்தானத்தைக் கொட்டகை வகிக்க இயலாது. எனினும், அவரை வைத்தியரிடம் செல்லத் தூண்டும் நண்பர் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கிறார். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இத்தகைய கொட்டகைச் சங்கங்கள் பின்னர் உருவாயின.