புல்லுக்குக் காய்ச்சல்: வானத்திலிருந்து நாடி பார்த்த கதை

கால்பந்து மைதானத்தின் மேல் ட்ரோன் பறந்து, எந்த மூலையில் புல் வாடுகிறது என்று படம் எடுக்கிறது அல்லவா? இந்த வித்தை பிறந்த இடம் போர்க்களம்!

இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து ஒளித்தார்கள். உயிருள்ள இலை அகச்சிவப்புக் கதிரை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். சாதாரண பெயின்ட் அப்படிச் செய்யாது. கோடாக் இதற்கென்றே தயாரித்த பிலிமில் நிஜ இலை சிவப்பாக விழுந்தது. பெயின்டின் குட்டு வெளிப்பட்டது. கலிபோர்னியாவில் ராபர்ட் கோல்வெல் என்பவர் 1956-ல் வான்படங்களைக் கொண்டே தானியப் பயிர்களின் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்.

1972-ல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏறியது. அதன் படங்களில் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிடும் என்.டி.வி.ஐ. கணக்கு டெக்சாஸில் உருவானது. ஆனால் படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர். 105-க்கு 68 மீட்டர் மைதானம் ஏறக்குறைய ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்! கோதுமை வயலுக்குச் சரி, கோல் கம்பத்தடி வழுக்கைக்கு?

அதற்கு ட்ரோன் வர வேண்டியிருந்தது. ஒரு புள்ளி சில சென்டிமீட்டராகச் சுருங்கியது. 2016-ல் அமெரிக்கா வணிக ட்ரோன்களுக்குப் பொது விதி வகுத்ததும் கோல்ஃப் திடல்காரர்களுக்கும் வழி எளிதானது. என்றாலும் படம் "இங்கே சுகமில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தாகமா, பூஞ்சையா, மண் இறுகியதா என்று பார்க்க ஒருவர் கத்தியோடு அங்கே குனிந்துதான் ஆகவேண்டும்.