சவுதார் குளத்து நீர்

ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில், உயர்தர வகுப்பு மாணவருக்கு ஜப்பார் பட்டேல் நெறிப்படுத்திய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ திரைப்படத்தை இரண்டு மாலைப் பொழுதுகளிற் காண்பித்தோம். ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. தமிழில் ஒலிமாற்றம் பெற்றுத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வர மேலும் பத்தாண்டு சென்றது; 2010 டிசம்பரிலேதான் வந்தது. அம்பேத்கராக நடித்த மம்முட்டிக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. நடிப்பைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சற்றே பாரமான நடை, தளராத பார்வை, சினத்தை உள்ளே அடக்கிப் பேசும் குரல் ஆகியவற்றால் ஒரு மனிதரையே கண்முன் நிறுத்திவிடுகிறார். படத்தில் குறை இல்லாமலில்லை. சில இடங்களில் அது சரித்திரப் பாடநூலின் பக்கங்களைப் புரட்டுவதுபோல ஓடுகிறது. அரசுப் பணத்தில் எடுத்த படங்களுக்கு இயல்பாகவே வாய்க்கும் குறை அது!

மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி, நீரைக் கையால் அள்ளிப் பருகும் கட்டத்தில் மண்டபம் அமைதியானது. படம் முடிந்தபின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சேர், அவர் குடிச்சது சரி. அடுத்த நாள் அந்த ஊர்ச் சனம் போய் அள்ளிச்சுதோ?” என்று கேட்டான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. நாளை சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

அந்தக் குளத்தின் கதை 1927 இல் தொடங்கவில்லை. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று 1923 இல் பம்பாய்ச் சட்டசபையிலே தீர்மானம் நிறைவேறியது. கொண்டு வந்தவர் எஸ்.கே. போலே. அதனைப் பின்பற்றி 1924 இல் மகத் நகரசபையும் சவுதார் குளத்தை யாவருக்கும் திறந்து விட்டதாகத் தீர்மானித்தது. ஆனால் குளம் திறந்தது கடதாசியில் மாத்திரமே. ஆடுமாடுகள் அதில் நீரருந்தின; பிற மதத்தவர் அள்ளினர்; அம்பேத்கரின் மக்கள் மட்டும் கரையை அணுக முடியவில்லை. மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

1927 மார்ச் 20 ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு ஊர்வலமாகச் சென்று அந்த நீரைக் குடித்தார். அவருக்கு நா வறண்டிருக்கவில்லை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று கலாநிதிப் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று வந்தவருக்கு ஒரு மிடறு தண்ணீர் கிடைக்காதா? கடதாசியில் இருந்த உரிமையைக் கைக்குக் கொண்டுவருவதற்காகவே அவர் குனிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மாணவனின் கேள்விக்கு விடை. தண்ணீரைத் தொட்டவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு வதந்தி பரவியது. உணவருந்திக் கொண்டிருந்தவர்களையும் ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்தவர்களையும் தேடித் தேடி அடித்தார்கள். பின்னர் பாலும் தயிரும் கோசலமும் சாணமும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தி’ செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகரசபை தன் பழைய தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் அம்பேத்கர் மீண்டும் வந்தபோது, குளம் தனியாருடையது என்று ஒரு வழக்கைப் போட்டுத் தடையுத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள். அவர் நீதிமன்றத்தை மதித்துக் குளத்தில் இறங்காமல் நின்றார். அந்த மாநாட்டிலேதான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டு வந்த சகஸ்ரபுத்தே ஒரு பிராமணர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வழக்கு நீண்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குத் தீர்ப்பளித்தது 1937 மார்ச்சில். ஒரு கைத் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்!

படத்தின் இன்னோர் இடமும் எங்கள் பிள்ளைகளைத் திகைக்க வைத்தது. 1932 இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தேர்தற்றொகுதி வழங்கப்பட்டபோது, அதை எதிர்த்துக் காந்தியடிகள் யெரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அவருடைய உயிரைக் காக்கும் பொறுப்பு அம்பேத்கரின் தலையில் விழுந்தது. செப்டெம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தனித் தொகுதி கைவிடப்பட்டது. ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் 71 இலிருந்து 148 ஆகின. அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தை 1982 முதல் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அதில் அம்பேத்கர் என்றொரு பாத்திரமே இல்லை. காந்தியை வணங்கி வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். ஒரு பெரியவரின் உண்ணாவிரதம் இன்னொரு மக்கள் கூட்டத்தின் கையைக் கட்டக்கூடும் என்பதைப் பார்ப்பதால் காந்தி சிறியவராகிவிட மாட்டார்.

இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவனாகிய எனக்கு வேறொன்று உறுத்தியது. திருநாளைப்போவார் புராணத்தை நாங்கள் பக்திச் சுவை ததும்பப் படிப்பிக்கிறோம். தில்லைக்குள் நுழையுமுன் அந்த அடியார் தீயில் மூழ்கி முனிவராய் எழ வேண்டியிருந்தது ஏன் என்று எந்த வினாத்தாளிலும் கேட்பதில்லை. 1948 இல் தீண்டாமை பற்றித் தாம் எழுதிய நூலை அம்பேத்கர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? ரவிதாஸ், சோகாமேளர் ஆகியோருடன் நம் நந்தனாருக்கும்! அந்த மனிதரே 1956 ஒக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் இந்து சமயத்தை விட்டு விலகிப் பௌத்தரானார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1950 இல், கொழும்பில் நடந்த பௌத்த மாநாட்டுக்கும் அவர் வந்திருந்தார். அவர் ஏன் போனார் என்று கேட்பதற்கு முன், அவரை யார் போகவிட்டார்கள் என்று நாம் கேட்க வேண்டும் என எனக்குப் படுகிறது.

தீண்டாமையை ஒழித்த 17 ஆம் உறுப்புரையுடன் இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆயினும் 1949 நவம்பர் 25 ஆம் நாள் அச்சபையில் அவர் ஆற்றிய உரை வெற்றி உரையாக இருக்கவில்லை. வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் காலடி வைக்கிறோம் என்று அவர் எச்சரித்தார். சட்டத்தை எழுதியவரே அதனை அளவுக்கு மிஞ்சி நம்பவில்லை. மகத் குளம் அவருக்கு மறக்கவில்லைப் போலும்.

இந்தக் கதை நமக்கும் அந்நியமானதன்று. மகத்தில் தண்ணீர் குடித்த அதே 1927 இல், நவம்பர் மாதத்திலே, யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தியடிகள் இங்கு வந்து தீண்டாமைக்கு எதிராகப் பேசினார். கைதட்டினோம். பாடசாலைகளில் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது, 1930 அளவில், இதே குடாநாட்டில் பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினோராண்டு கழித்தும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். அந்தப் பெயருக்கு இங்கே உரை எழுதத் தேவையில்லை.

மறுநாள் அந்த மாணவனுக்கு 1937 வரையான கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தபின், எண்ணியிராத ஒன்றையும் சொன்னேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றடி மதிலில் ஓர் அலுமினியப் பேணி இருந்தது. வேலி அடைக்கவும் வளவு துப்புரவாக்கவும் வருபவர்களுக்கு அம்மம்மா அதிலேதான் தண்ணீர் வார்ப்பார். அது ஒருபோதும் குசினிக்குள் வந்ததில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நாங்களும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தோம். வழியில் ஒரு குடிசை வாசலில் ஒரு பெண் செம்போடு நின்று போவோர்க்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக் கொண்டிருந்தார். அவர் யார் எவர் என்று அம்மம்மா கேட்கவில்லை. அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தார். “நல்லாயிரு பிள்ளை” என்றார்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம். வீட்டில் மூக்குப்பேணி, கிடாரம், குத்துவிளக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அலுமினியப் பேணி மட்டும் கிணற்றடியில் புல்லுக்குள் கிடந்தது. அம்மம்மா அதை எடுத்து, சாம்பல் போட்டு மினுக்கி, பழையபடி மதிலில் கவிழ்த்து வைத்தார்.

“நீங்கள் என்ன செய்தனீங்கள், சேர்?” என்று மாணவன் கேட்டான்.

எனக்கு அப்பொழுது பதினாறு வயது. ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன்.