சென்னை – ஜித்தா: விமானத் தூரமும் பயண நேரமும்

உம்ராவுக்குப் புறப்படும் நம் சகோதர சகோதரிகள் முதலில் கேட்பது, "ஜித்தா எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?" என்பதுதான். விடையைச் சரியாக அறிந்திருப்பது இஹ்ராமுக்கும் அவசியம்.

தூரம்

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழியில் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் போய்ச் சேர ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். திரும்பும்போது, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வான் காற்று பெரும்பாலும் துணை நிற்பதால், பயணம் அரை மணி நேரம் வரை குறையலாம்.

துபாய் வழியாகச் சென்றால் தூரம் சுமார் 180 கிலோமீட்டர்தான் கூடும். பறக்கும் நேரமோ சுமார் 7 மணி ஆகிவிடும். அத்துடன் அங்கே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கவனிப்பது நல்லது.

கடிகாரக் கணக்கு

சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம். காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்பட்டால் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே பகல் 1.30 மணி. மூன்றரை மணி நேரப் பயணம் என்று தோன்றினாலும் உண்மையில் ஆறு மணி நேரம். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் சென்னையில் காலை 6 மணி. எட்டு மணி நேரம் போலத் தெரிந்தாலும் பறந்தது ஐந்தரை மணிதான்.

மேற்கு நோக்கிப் போகையில் பகல் நீளும் என்பதால், நோன்புடன் பயணிப்போருக்கு மஃக்ரிப் தாமதமாகவே வரும். ஊரில் நோன்பு திறந்துவிட்டார்கள் என்பதை வைத்து நாம் திறக்கக் கூடாது; நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையும் உண்டு.

மீகாத்

இதுதான் முக்கியம். இவ்வழியில் வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் எனும் மீகாத் எல்லையை, ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே கடந்துவிடும். ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தால் எல்லை தாண்டிப் போயிருக்கும்; மீகாத்துக்குத் திரும்பிச் செல்லவோ, 'தம்' எனும் பலி கொடுக்கவோ நேரிடும்.

எனவே ஆண்கள் வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் ஆடையை அணிந்துகொள்ளலாம். அணியாதவர்கள் அதைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்; சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டால் வானில் எடுக்க முடியாது. அறிவிப்பு வந்ததும் நிய்யத்தும் தல்பியாவும் சொல்ல வேண்டும். அறிவிப்பின்போது உறங்கிவிடக்கூடும் என்று அஞ்சுவோர் சற்று முன்னரே நிய்யத் செய்துகொள்ளலாம்.

முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை. அங்கிருந்து மக்காவுக்குப் புறப்படுகையில் துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் போதும்.

டிக்கெட் கையில் வந்ததும், இறங்கும் ஊர் ஜித்தாவா மதீனாவா என்பதை முதலில் பார்த்துக்கொள்வோம். பயணம் எளிதாகட்டும், இன்ஷா அல்லாஹ்.