அலுப்பிலிருந்து எம்சி வரை: அலோர் காஜா வட்டாரத் தமிழில் சோர்வுச் சொற்கள்

முன்னுரை

‘வேலை முடியல’ என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ‘உடம்புக்கு முடியல’ என்றால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று பொருள். ஒரே வினைச்சொல் இவ்விரண்டையும் சுமக்கிறது. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் காடேக், மச்சாப், புலாவ் செபாங், டுரியான் துங்கல் எனத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறுபட்டணங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு இவ்விரு பொருளும் அன்றாடப் பழக்கம். அவர்கள் புழங்கிய சோர்வுச் சொற்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் மாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. உழைப்பின் தன்மை மாறியது இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். களைத்தவர் தம் களைப்பை யாரிடம் சொல்லி நம்பவைக்க வேண்டியிருந்தது என்பதும் மாறியது. அதுவே பெரிய காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பழைய வழக்கு

தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் ஆகிய நான்கையும் ஒரே பொருளில் அடக்குகிறது: உள்ளது குறைந்து நுணுகுதல். மெய்ப்பாட்டியலோ மூப்பு, பிணி, மென்மை ஆகியவற்றோடு வருத்தத்தையும் சேர்த்து, நான்கையும் இளிவரலுக்கு நிலைக்களன் ஆக்குகிறது. ஆக, சோர்வு தேய்மானமாகவும் தாழ்வுணர்ச்சிக்குக் காரணமாகவும் அன்றே பார்க்கப்பட்டது. பின்னாளில் ‘வருத்தம்’ தமிழகத்திலும் மலேசியாவிலும் மனத்துயரத்தைக் குறிக்கலாயிற்று. இலங்கைத் தமிழில் அது நோயைக் குறிக்கிறது.

பேச்சு வழக்கிலும் சொற்களிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. களைப்பு ஒரு நாள் வேலையால் வருவது; உட்கார்ந்தால் தீரும். அசதி கைகால்களில் தங்கும். இளைப்பில் உடல் மெலிவும் மூச்சிரைப்பும் கலந்திருக்கும். சலிப்பு மனத்தைச் சேர்ந்தது. அலுப்பு இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறது: உடல் ஓய்ந்ததையும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து மனம் வெறுத்ததையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

பிரட்டுக்களம்

மலாக்காவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக ரப்பர்த் தோட்டத்தின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. பின்னர் ரப்பர் மாநிலமெங்கும் பரவியது. விடியற்குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே ஆள்கள் இருட்டிலேயே பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வந்து பெயர் கொடுத்து, தத்தம் நிரைக்கு, அதாவது மரவரிசைக்கு, போனார்கள். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் அதே சரிவில், அதே ஆழத்தில் பட்டை சீவ வேண்டும். மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்து நிறுக்கக் கொண்டுவர வேண்டும். பெண்களுக்கு அதன்பின் லயத்து வீட்டில் இரண்டாவது வேலை காத்திருந்தது. இந்த வாழ்வுக்கு ‘அலுப்பு’ பொருத்தமான சொல்.

ஆனால் அது வீட்டுச் சொல். அலுப்பு தீர வெந்நீர் உண்டு. அலுப்பு தீர என்று சொல்லித் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போவதும் உண்டு. கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பியபோது எதிர்கொண்டது இந்தப் பழக்கத்தையும்தான். பிரட்டில் மேற்பார்வையாளரான கங்காணியிடம் அலுப்பைச் சொன்னால் அது விடுப்புக்குக் காரணம் ஆகாது. அங்கே அதற்கு வேறு பெயர் இருந்தது: சோம்பல். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைத்து ஆளைத் தளர்த்திய காலம் அது. குடியேற்ற ஆட்சி உள்நாட்டு மக்கள்மீது சுமத்திய சோம்பேறிப் பட்டத்தைச் சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளிவந்த தம் நூலில் கட்டுடைத்தார். அவரது பார்வையைப் பிரட்டுக்களத்துக்கும் நீட்டலாம்.

தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் முன் செல்லுபடியான சொல் ‘காய்ச்சல்’. தொட்டுப் பார்க்கலாம், கருவியால் அளக்கலாம். அலுப்பை அளக்க முடியாது.

காகிதம்

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் மருத்துவ விடுப்பை நாள் கணக்கில் வரையறுக்கிறது: இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. இந்த விடுப்புக்கு வேண்டிய மருத்துவச் சான்றே மலேசியத் தமிழின் ‘எம்சி’. தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்டு, ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபின், இளையவர்கள் 1970களில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆலைகளுக்கும், பிறகு பெகோ போன்ற இடங்களின் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். ஷிப்ட், ஓட்டி (மிகைநேர வேலை) ஆகியவற்றோடு எம்சியும் வீட்டுப் பேச்சில் குடியேறியது. எம்சி எடுத்தான், எம்சி போட்டான், எம்சி கொடுக்கல என அதற்கெனத் தமிழ் வினைகளும் அமைந்தன. மலாய் நண்பர்களிடமிருந்து பெனாட், லெத்தே ஆகியவையும் இளையோர் பேச்சில் கலக்கின்றன. ஆயினும் அவை களைப்பைச் சொல்லும் சொற்கள். விடுப்பு வாங்கித் தருவது எம்சிதான். கங்காணியின் ஐயம் மட்டும் போகவில்லை. ‘சும்மா எம்சி’ என்ற ஏச்சில் பழைய சோம்பேறிப் பட்டம் ஒளிந்திருக்கிறது.

‘பர்ன்அவுட்’ வந்தபின்

நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் ‘பர்ன்அவுட்’ என்பதை ஆய்வுச் சொல்லாக்கினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னது: ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல். முதலிரண்டும் நம் அலுப்புக்குள் முன்பே இருந்தவை. ‘எரிந்துபோதல்’ என்ற நேர்ப்பெயர்ப்பு தமிழில் ஒட்டாது. நமக்கு எரிச்சல் சினத்தையும், வயிற்றெரிச்சல் பொறாமையையும் சார்ந்தது. ‘ஆள் ஓய்ஞ்சு போயிட்டான்’ என்ற வழக்கே மூன்று கூறுகளுக்கும் அருகில் வருகிறது. அது தொல்காப்பியரின் ஓய்தலேதான்.

அந்நிறுவனம் இதை நோயாகக் கொள்ளவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. எம்சியோ நோய்க்குத் தரப்படுவது. ஆகவே ஓய்ந்துபோனவர் இன்றும் தலைவலி, வயிற்றுவலி என ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரெஸ்ஸர் முன் அலுப்பு காய்ச்சலானதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

முடிவுரை

வீட்டில் அலுப்பு, டிரெஸ்ஸரிடம் காய்ச்சல், முதலாளியிடம் எம்சி எனக் கேட்பவருக்கு ஏற்பச் சொல் மாறியது. சோர்வைச் சோர்வு என்றே சொல்லி ஏற்கவைக்கும் இடம் மட்டும் அமையவில்லை. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 சனவரி 1 முதல் வார வேலை நேர உச்சவரம்பை 48 மணியிலிருந்து 45 ஆக்கியது. சோர்வை மெய்ப்பிக்கும்படி தொழிலாளியைக் கேட்காமலே தரப்பட்ட மூன்று மணி நேரம் அது. ஓய்தலும் ஓய்வும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னதைத் தடுக்கப் பின்னதை முன்கூட்டியே தரவேண்டும் என்பதைச் சட்டம் இப்போது மணிக்கணக்கில் இன்னும் சற்று அழுத்தி எழுதியிருக்கிறது.