நாற்பத்தைந்து நிமிஷம்: மின்லாரியின் தூரத்தை அளக்கும் பிரமாணம் பற்றி

நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்துக்குப் பாட்டரி லாரி ஒவ்வாது என்னும் பக்ஷத்தார் தொடக்கமுதல் கையாண்டு வரும் பிரமாணம் ஒன்றுதான். ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணிச் சக்தி அடங்கியிருக்க, சட்டகமும் குளிர்விப்புச் சாதனமும் சேர்ந்த ஒரு கிலோ பாட்டரித் தொகுப்பில் அதன் எழுபதில் ஒரு பங்களவே அடங்கும்; ஆகவே, டீசல் லாரி ஒருமுறை தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓடும் 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை மின்லாரியும் ஓட வேண்டுமானால், அது சரக்கைச் சுமப்பதை விட்டுத் தன் பாட்டரியையே சுமந்து செல்ல நேரும் என்பது அவர்கள் வாதம். டீசல் எஞ்சின் தன் சக்தியில் பாதிக்கு மேற்பட்டதை வெப்பமாக இழந்துவிடுவதைக்கூட அவர்களிற் பலர் கணக்கில் கழித்தே இருக்கின்றனர். ஆதலின் அவர்களுடைய எண்களோடு எனக்குப் பிணக்கில்லை. தொட்டியின் கொள்ளளவைப் பிரயாணத்தின் அளவுகோலாக அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதே என் சங்கை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலைகளில் சரக்கு லாரி ஒன்று எவ்வளவு நேரம் நில்லாமல் ஓடலாம் என்பதை நிர்ணயிப்பது 2006ஆம் ஆண்டின் 561ஆம் எண் ஒழுங்குவிதி. அதன் 7ஆம் பிரிவின்படி, நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் குறைந்தது 45 நிமிஷம் இடைவேளை கொண்டாக வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 90 கிலோமீட்டருக்கு மேல் விடாத அந்த வண்டிக்குச் சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று தாராளமாகவே கொண்டாலும், இரண்டு நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட தூரம் 360 கிலோமீட்டர். தொட்டியில் இன்னும் எத்தனை நூறு லிட்டர் டீசல் மிஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் வண்டி நின்றே தீரும்.

இனி, 2024இன் இறுதியில் வோர்ட் நகரத் தொழிற்சாலையில் தொடர் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ் ஈஆக்ட்ராஸ் 600 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பாட்டரி ஏறத்தாழ 600 கிலோவாட் மணி. 40 டன் மொத்த எடையோடு 500 கிலோமீட்டர் ஓடும் என்று செய்தவர்கள் சொல்வதை ஏற்றால், கிலோமீட்டருக்கு 1.2 கிலோவாட் மணி செலவாகிறது. முதல் நாலரை மணியில் செலவு 432; மிச்சம் 168. அடுத்த நாலரை மணிக்கும் 432 வேண்டுமாதலால் இடைவேளையில் ஏற்ற வேண்டியது 264. இன்று வழக்கிலுள்ள 400 கிலோவாட் மின்னேற்றி, வீதம் குறையாமல் தருமானால், 45 நிமிஷத்தில் தருவது 300. ஒன்பது மணி நேரச் சாரத்தியம் இவ்வாறு, சிறிய மிச்சத்தோடுதான் என்றாலும், நிறைவேறுகிறது. குளிர்காலத்தில் ஓடும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறையுமானால், முதற்கட்டம் அப்போதும் கடக்கும். ஆனால் ஏற்ற வேண்டியது 480 ஆகிவிடுவதால் 400 கிலோவாட் போதாது, 2022இல் ஆஸ்லோவில் அறிமுகமான மெகாவாட் முறையே வேண்டும். வாரத்தில் இருமுறை பத்து மணி நேரம் ஓட்ட அனுமதியுண்டே எனில், அந்தப் பத்தாவது மணிக்கு முன்னால் மற்றோர் இடைவேளையையும் அதே விதி கட்டாயமாக்கியிருக்கிறது.

இக்கணக்கு முற்றிலும் புதியதன்று. இதை மறுக்க எதிர்ப்பக்ஷத்தார் அண்மையில் கொண்டுவந்திருக்கும் வியாக்கியானமே நின்று ஆராயத் தக்கது. ஒழுங்குவிதியின் 4ஆம் பிரிவு, இடைவேளை என்பது ஓட்டுநர் வண்டி ஓட்டுதலையோ வேறு எந்தப் பணியையோ செய்யாமல், களைப்பாறுதலுக்கென்றே செலவிடும் காலம் என்று இலக்கணம் கூறுகிறது. மின்கம்பியை எடுத்துச் செருகுவதும், ஏற்றம் நடக்கிறதா என்று பார்ப்பதும், முடிந்தபின் கழற்றுவதும் பணியே. ஆகவே மின்னேற்றும் நேரம் இடைவேளையாகாது, இடைவேளை மின்னேற்றும் நேரமாகாது, இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டியவை என்பது அந்த வியாக்கியானம். சொல்லளவில் இது வன்மையுடையது. ‘என்றே’ என்னும் தேற்றத்தை அலட்சியம் செய்துவிட முடியாது.

ஆயினும் இவ்வாசகம் கட்டுப்படுத்துவது ஓட்டுநரை, வண்டியை அன்று. ஓட்டுநர் உணவு விடுதியில் அமர்ந்திருக்கையில் வண்டிக்குள் மின்சாரம் பாய்வதை இப்பிரிவின் எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. கம்பியைச் செருகும் இரண்டு மூன்று நிமிஷத்தைப் பணியென்றே பதிவு செய்துவிட்டு அதன்பின் இடைவேளையைத் தொடங்கினால், 45 நிமிஷம் 50 நிமிஷமாக நீளலாம். 90 நிமிஷமாக நீளாது. டீசல் பிடிப்பதும் இதே இலக்கணத்தின்படி பணிதான். அதனால் டீசல் லாரி நெடுந்தூரத்துக்கு உதவாதென்று யாரும் எழுதியதாக நான் அறியேன்.

விதியின் சரித்திரமும் இங்கே சாட்சி சொல்கிறது. முன்பிருந்த 1985ஆம் ஆண்டின் 3820ஆம் எண் விதி, இடைவேளையைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாகக் கூறுபோட இடங்கொடுத்தது. 2006இன் விதியோ, முதலில் பதினைந்து, பின்னர் குறைந்தது முப்பது என்று வரிசையையும் சேர்த்து நிர்ணயித்தது. ஓட்டுநரின் களைப்பை எண்ணிச் செய்த இந்தத் திருத்தம், மின்லாரியைக் கனவிலும் கருதாதவர்கள் செய்தது; எனினும் முப்பது நிமிஷத்துக்குக் குறையாத ஒரு நிறுத்தத்தைச் சாலையில் நிலைநாட்டிவிட்டது.

அந்த வியாக்கியானத்தில் எனக்கு உண்மையாகவே இடறுவது வேறொன்று. ஏற்றம் முப்பதாம் நிமிஷத்தில் முடிந்து, பின்னால் காத்திருப்பவருக்காக வண்டியைச் சற்று நகர்த்தினாலும் அது ஓட்டுதல். 45 நிமிஷ இடைவேளை அங்கே முறிந்துபோகிறது. மின்னேற்றும் இடம் முழு இடைவேளைக்கும் நிற்குமிடமாகவும் இருந்தாலொழிய என் கணக்கு நில்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் குறை பாட்டரியின் எடையால் வந்ததன்று, இடத்தின் நெருக்கடியால் வந்தது.

மற்ற ஆக்ஷேபங்கள் இவ்வளவு இடம் வேண்டுபவையல்ல. பாட்டரியின் பாரம் நாலு டன்னைத் தாண்டினாலும், எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் தொட்டியும் நீங்குவதோடு, புகையில்லா வண்டிக்கு 2 டன் மிகையெடை 2019 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு ஓட்டுநர் மாறிமாறி ஓட்டும் வண்டியில் ஒருவர் ஓட்டுகையிலேயே மற்றவர் இடைவேளை கொள்ளலாம் என்ற 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கைக் கொண்டு விதியை அளப்பது தர்க்கமாகாது.

என் முடிபு ஐரோப்பாவுக்கே உரியது என்பதையும் மறைக்கலாகாது. அமெரிக்காவில் எட்டு மணி நேரம் ஓட்டிய பின்பே 30 நிமிஷ இடைவேளை கட்டாயம். மணிக்கு 100 கிலோமீட்டர் வீதம் அது 800 கிலோமீட்டர். டெஸ்லா தன் லாரிக்கு 2017இல் அறிவித்த 500 மைலும் ஏறக்குறைய அதுவே. சீனத்தில் 4 மணிக்குப்பின் 20 நிமிஷமே. அங்கே தீர்ந்த பாட்டரியைக் கழற்றி நிறைந்த பாட்டரியை மாட்டும் முறை வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தேசந்தோறும் லாரியின் தூரத்தை வரைவது ரசாயனத்தைக் காட்டிலும் ஓட்டுநரின் ஓய்வுச் சட்டமே என்று துணிய இவை இடந்தருகின்றன.

எஞ்சியிருப்பது அந்த இடத்தைப் பற்றிய கேள்வி. 2023ஆம் ஆண்டின் 1804ஆம் எண் விதி, 2030இன் இறுதிக்குள் ஐரோப்பாவின் மையச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக, போகும் திசை ஒவ்வொன்றிலும் லாரி மின்னேற்று நிலையம் வேண்டுமென்றும், நிலையம் ஒன்றின் திறன் குறைந்தது 3,600 கிலோவாட் ஆக வேண்டுமென்றும் கட்டளையிடுகிறது. அந்தக் குறைந்த அளவோடு கட்டப்படும் நிலையத்தில், 400 கிலோவாட் வீதம், ஒரே வேளையில் இடைவேளை கொள்ளக்கூடிய லாரிகள் ஒன்பது.