தமிழ்நாட்டு ஊராட்சிகள்: அரசின் மேற்பார்வை, நிதி, சமூக ஒற்றுமை

உள்ளாட்சி அமைப்புகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவை. ஆனால் அவற்றின் கணக்கைச் சரிபார்ப்பதும், நிதியில் பெரும்பகுதியை வழங்குவதும், தவறு நேர்ந்தால் தலைவரைப் பதவி நீக்குவதும் மாநில அரசின் கையில் உள்ளன. தமிழ்நாட்டில் இந்த மேற்பார்வை முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதியில் அரசு ஊராட்சியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: பணம் என்ன ஆனது? மன்றத்தில் யார் உட்கார முடிகிறது, யார் உட்கார முடியவில்லை என்ற இரண்டாவது கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது. அந்தத் தாமதத்தின் விளைவுகளையும், இரண்டாவது கேள்வியை அரசு கேட்டபோது நேர்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சோழர் காலம்: கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்கள் தேர்வு செய்யப்பட்ட விதத்தை இவை விரிவாகக் கூறுகின்றன. அரசாணையின் பேரில், அரசு அலுவலர் ஒருவர் உடனிருக்க, சபை இந்த விதிகளை வகுத்தது. எனவே அரசின் மேற்பார்வை அன்றே இருந்தது எனலாம்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்பது இவ்விதிகளுள் முக்கியமானது. ஆனால் இந்தச் சபை பிரமதேய ஊரின் சபை. சொந்த நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரையிலான வயது, வேதப் பயிற்சி ஆகியன உறுப்பினருக்குரிய தகுதிகள். உழுதவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. கணக்கில் கண்டிப்பும் பங்கேற்பில் குறுகலும் கொண்ட இந்த அமைப்பை இன்றைய மக்களாட்சியோடு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

ஆங்கிலேயர் ஆட்சி: வரிக்காக வந்த உள்ளாட்சி

1688இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தோற்றுவித்ததற்கு முக்கியக் காரணம், நகரச் செலவுகளுக்கான வரியை உள்ளூர் மக்களின் ஒத்துழைப்போடு வசூலிப்பதுதான். ஊர்ப்புறத்திலும் இதுவே நடந்தது. மேயோ பிரபுவின் 1870ஆம் ஆண்டு நிதிப் பரவலாக்கத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1871இல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே பணம் திரட்ட அது வழி செய்தது.

1882 மே 18 அன்று வெளியான ரிப்பன் பிரபுவின் தீர்மானம் உள்ளாட்சியை மக்களுக்கான அரசியல் பயிற்சிக் களமாகக் கண்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டம், வட்டம், ஒன்றியம் என்ற மூன்றடுக்கு அமைப்பை ஏற்படுத்தியது. ஆயினும் மாவட்ட ஆட்சியரின் பிடி தளரவில்லை. இரட்டை ஆட்சிக் காலத்தில், 1920ஆம் ஆண்டின் சட்டங்களால்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அதிகாரமும் கூடின.

இந்தக் காலத்தில்தான் இரண்டாவது கேள்வி முதன்முதலாக உரத்து எழுந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை உள்ளாட்சியின் பணத்தில் பராமரிக்கப்பட்டன. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பொது வழிகளும் நீர்நிலைகளும் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது.

ஆணை ஊருக்குள் எப்படிச் செயலாகும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டம் ஒரு சான்று. அங்கே தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று அறிவித்தார். வருவாய்க்காக உள்ளாட்சிக்குத் தரப்பட்ட உரிம அதிகாரம் சமத்துவத்துக்கான கருவியானது.

விடுதலைக்குப் பின்: நம்பிக்கையும் ஐயமும்

அரசியல் நிர்ணய சபையில் கிராமங்கள் பற்றி இருவேறு கருத்துகள் மோதின. காந்தியவாதிகள் கிராமத்தை நாட்டின் அடித்தளமாகக் கருதினர். 1948 நவம்பர் 4 அன்று பேசிய அம்பேத்கர், குறுகிய மனப்பான்மையும் சாதிப் பிரிவினையும் நிறைந்த இடமே கிராமம் என்று வாதிட்டார். அதே மாதத்தில் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, ஊராட்சிகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற வழிகாட்டு நெறி, 40ஆவது உறுப்பாக அரசமைப்பில் இடம்பெற்றது. ஆனால் அது கட்டாயமில்லை.

காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், மாவட்டக் கழகங்களுக்கு மாற்றாக ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. பள்ளி, குடிநீர், சாலைப் பணிகளில் ஒன்றியங்கள் குறிப்பிடத்தக்க பங்காற்றின. ஆனால் தேர்தல் நடத்துவது அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. 1970க்குப் பின் 1986 வரை ஊராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. சென்னை மாநகராட்சியில் 1973இல் தினக்கூலிப் பட்டியல் முறைகேட்டுப் புகார் எழுந்தபோது அரசு மன்றத்தைக் கலைத்தது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. முறைகேட்டை விசாரிக்க எடுத்த நடவடிக்கை 23 ஆண்டுகள் மக்கள் பிரதிநிதிகளே இல்லாத நிலையில் முடிந்தது. மேற்பார்வை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டமும் இரட்டைக் கையொப்பமும்

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மற்றும் பெண்களுக்கு இட ஒதுக்கீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டது. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இச்சட்டத்தில் மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். பிரிவு 205இன்படி அவர் தலைவரிடம் விளக்கம் கேட்கலாம். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லையெனில், வட்டாட்சியர் மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பெறுவார். அதன் பிறகு பதவி நீக்கம் குறித்து ஆட்சியர் முடிவெடுப்பார். பிரிவு 203 அவருக்கு அவசரகால அதிகாரம் தருகிறது.

நிதியில் மற்றொரு கட்டுப்பாடு உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும். தனி ஒருவர் பணத்தைக் கையாளக் கூடாது என்பதே இதன் நோக்கம். கணக்கு நோக்கில் இது நல்ல விதி. ஆனால் தலைவர் பதவி மட்டுமே ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே, தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் துணைத் தலைவர் ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவராகவும் அமைவது வழக்கமாயிற்று. துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்தால் தெருவிளக்குப் பழுது, குடிநீர் மோட்டார், தூய்மைப் பணியாளர் ஊதியம் என எல்லாமே நின்றுவிடும். இந்த முடக்கத்தைத் தீர்க்க ஆட்சியர் பிரிவு 203ஐப் பயன்படுத்தி, காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றுவதுண்டு. பணி மீண்டும் தொடங்கும். ஆனால் தடுத்தவரோடு தடுக்கப்பட்டவரும் அதிகாரத்தை இழப்பார்.

மேலவளவும் நான்கு ஊராட்சிகளும்

1996ஆம் ஆண்டுத் தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளுள் மதுரை மாவட்டம் மேலவளவும் ஒன்று. மிரட்டலால் முதலில் வேட்பாளர்கள் விலகினர். டிசம்பரில் நடந்த தேர்தல் வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டதால் நின்றது. மீண்டும் காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், அவரும் துணைத் தலைவரும் உட்பட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இவ்வழக்கில் 17 பேருக்கு வாழ்நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தேர்தலை நடத்தி முடித்த அரசு, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் உயிரைக் காக்கத் தவறியது.

மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. யாரும் வேட்புமனு தாக்கல் செய்யவில்லை; அல்லது ஊரார் நிறுத்திய ஒருவர் வெற்றி பெற்றதும் பதவி விலகினார். 1996 முதல் 2006 வரை தேர்தல் அறிவிப்பதும் அது பயனற்றுப் போவதும் திரும்பத் திரும்ப நடந்தன. தனி அலுவலர்கள் நிர்வாகத்தைக் கவனித்தனர். கணக்கு முறையாக இருந்திருக்கலாம். மன்றம் என்பது இல்லை.

2006 அக்டோபரில் நிலை மாறியது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று எல்லாத் தரப்பினரிடமும் பேசியது. அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் அழுத்தம் கொடுத்தன. தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தனர். அடுத்த மாதம் சென்னையில் நடந்த சமத்துவப் பெருவிழாவில் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களைப் பாராட்டினார். அந்த ஊராட்சிகளின் வளர்ச்சிப் பணிகளுக்குச் சிறப்பு நிதியும் வழங்கப்பட்டது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாப்பட்டி கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பங்கேற்றது இதன் தொடர்ச்சி.

பத்து ஆண்டுகள் அசையாதது சில வாரங்களில் அசைந்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. அதுவரை தேர்தலை நடத்துவதோடு தன் கடமை முடிந்தது என்றிருந்த நிர்வாகம், தலைவர் பதவியில் நீடிப்பதையும் தன் பொறுப்பாக ஏற்றதே முக்கியக் காரணம்.

நிதி: எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை ஊராட்சியின் சொந்த வருவாய். சிறிய ஊராட்சிகளில் இது மின்கட்டணத்துக்கே போதாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தரும் முறை, முதலாம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி 1997-98இல் 8 விழுக்காட்டில் தொடங்கி, பின்னர் 10 விழுக்காடு வரை உயர்ந்தது. இதற்கு மேல் மத்திய நிதி ஆணையத்தின் மானியம் உண்டு.

மத்திய மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் கிடைக்கும். 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேர்தலை, ஒதுக்கீட்டு விதிகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 நாள்களில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டதால் பாதிக்கப்பட்டவை தாமதத்துக்குக் காரணமான அலுவலகங்கள் அல்ல; ஊர்களே. அந்தத் தேர்தலில் அமைந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர்.

நிதி போதாமை ஒற்றுமையையும் பாதிக்கிறது. சில ஊர்களில் கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொதுநிதிக்கோ அதிகப் பணம் தருபவருக்குத் தலைவர் பதவியை ஏலம் விடும் வழக்கம் தோன்றியது. போட்டியில்லாமல் ஒற்றுமையாகத் தேர்ந்தெடுத்தோம் என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. ஏழைகள் போட்டியிட முடியாத இந்த ஒற்றுமையைச் சட்டம் ஏற்பதில்லை.

நாற்காலியும் கொடியும்

மேலவளவுக்கு 20 ஆண்டுகளுக்குப் பின்னும் சிக்கல் தீரவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சாதிப் பெண் தலைவர் சுதந்திர நாளன்று கொடியேற்ற முடியாமல் போனது. இரண்டிலும் வழக்குப் பதிவாகி நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2022இல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு அறிவுறுத்தினார். நாற்காலியும் கொடிக்கயிறும் தணிக்கை அறிக்கையில் இடம்பெறும் இனங்கள் அல்ல. ஆனால் ஊராட்சி நடக்கிறதா இல்லையா என்பதை அவையே காட்டின.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை செய்தியில் வராமலே பணியாற்றுகின்றன. இந்த வரலாற்றில், ஆட்சியரின் அதிகாரம் மன்றங்களை ஆண்டுக்கணக்கில் மூடியும் வைத்தது. பாப்பாப்பட்டியில் மூடியதைத் திறக்கவும் செய்தது. இரட்டைக் கையொப்பம் முறைகேட்டைத் தடுத்தது; தலைவரையும் முடக்கியது. ஆகவே மேற்பார்வை வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியன்று. கணக்கைக் கேட்கும் அதே கண்டிப்போடு, தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் இருக்கையில் அமர்ந்து கையொப்பமிட முடிகிறதா என்பதையும் அரசு கேட்க வேண்டும். அதைக் கேட்ட காலங்களில் ஊர்கள் முன்னேறின. கேட்காத காலங்களில், கணக்கு சரியாக இருந்தபோதும், மன்றம் வெறும் கட்டடமாகவே நின்றது.