திருக்கல்லறைக் கோயிலும் அதன் ஏணியும்

எருசலேம் நகர் சென்று மீண்ட கிறிஸ்தவ நண்பர் ஒருவர் சென்ற திங்கள் எம்மைக் காண வந்திருந்தார். பல்லாண்டு சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, மனைவியாரோடு யாத்திரை சென்று வந்தவர் அவர். இயேசுநாதர் சிலுவையில் உயிர்நீத்த இடமும், அடக்கஞ் செய்யப்பெற்ற இடமும் என்று போற்றப்படும் பெருங்கோயிலைப்பற்றிச் சொல்லுங்கால் அவர் குரல் தழுதழுத்தது. ஆயினும் இரண்டு செய்திகள் அவருள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தன. ஒன்று, அக்கோயில் வாயிலுக்கு மேலே, ஒரு சாளரத்தின் அடியில், பழைய மர ஏணி ஒன்று சாத்தியபடியே இருப்பது. அதனை எடுப்பார் ஒருவருமில்லை. மற்றொன்று, கிறிஸ்தவர் கோயிற் கதவை நாள்தோறும் திறப்பவர் முஸ்லிம்களாயிருப்பது. "ஐயா, தாங்கள் சரித்திரம் படித்தவர்கள். அன்பையே போதித்த பெருமானது கல்லறையில் அவருடைய அடியார்கள் ஒருவரையொருவர் நம்பவில்லையா?" என்று அவர் வினவினார். அன்று யாம் கூறிய விடையையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் இடத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். இன்று அக்கோயில் பழைய நகரத்தின் மதிலுக்குள்ளே, கடைத்தெருக்களுக்கு நடுவே நெருக்குண்டு நிற்கின்றது. யூதர் தம் இறந்தாரை நகரத்துள் அடக்கஞ் செய்யாராதலின், இது மெய்யான இடந்தானோ என்று ஐயுற்றவர் பலர். ஆனால் இயேசுநாதர் காலத்தில் அவ்விடம் மதிலுக்குப் புறத்தே இருந்தது, கி.பி. 41 முதல் 44 வரை ஆண்ட முதலாம் ஏரோது அகிரிப்பாவின் காலத்திலேதான் புதிய மதில் எழுந்து அதனை வளைத்துக்கொண்டது. அங்கே கல்வெட்டும் குழிகளும், பாறையிற் குடைந்த கல்லறைகளும் இருந்தன. அக்காலத்து யூதக் கல்லறைகள் சில, கோயிலின் மேற்புறத்திலுள்ள சிரியர் சிற்றாலயத்தின் பக்கத்தில் இன்றும் உள்ளன. அவற்றைக் காண்பார்க்கு அது பழைய இடுகாட்டு நிலமே என்பது விளங்கும். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய தளச் செப்பனீட்டின்போது நிகழ்ந்த அகழ்வில், ஒலிவமும் திராட்சையும் அங்கே பயிராகியதற்கு அடையாளங்கள் கிடைத்தன என்று உரோமாபுரிச் சப்பியென்சா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் அறிவித்துள்ளனர்.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமச் சக்கரவர்த்தி ஹாட்ரியன் எருசலேமை உரோம நகரமாக மாற்றியபோது, அந்நிலத்தின்மேல் மண் நிரப்பி ஒரு கோயில் எடுப்பித்தான். அது வீனஸ் என்னும் தேவிக்குரியது என்பர். இருநூறு ஆண்டு சென்றபின் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கிறிஸ்து சமயத்தை ஆதரிக்கலாயினான். அவன் ஆணையால் அக்கோயில் இடிக்கப்பட்டு மண் அகழப்பட்டது. பாறைக் கல்லறையொன்று வெளிப்பட்டது. அதனைச் சூழ எழுந்த கோயில் கி.பி. 335-இல் குடமுழுக்குப் போன்றதொரு பெருவிழாவோடு திறக்கப்பெற்றது. கட்டட வேலை நடந்துகொண்டிருந்த 333-ஆம் ஆண்டிலேயே, பிரான்சு தேசத்துப் போர்தோ நகரிலிருந்து யாத்திரிகர் ஒருவர் வந்து தாம் கண்டதைக் குறித்து வைத்தனர். அந்நூற்றாண்டின் கடைப்பகுதியில் எகேரியா என்னும் அம்மையார் வந்து, அங்கே நடந்த வழிபாடுகளை விரித்தெழுதினர். ஆகவே எம் நண்பர் சென்ற வழி ஆயிரத்தறுநூறு ஆண்டுகட்கு மேலாகத் தேய்ந்த வழியென்க.

அக்கோயில் பட்ட துன்பங்கள் பல. 614-இல் பாரசீகர் நகரைப் பிடித்துத் தீயிட்டனர். மொதெஸ்தோஸ் என்னும் துறவி இரந்து பொருள் தொகுத்துச் செப்பனிட்டார். பின்னர் ஏறக்குறைய 638-இல் நகரம் கலீபா உமர் வசமாயிற்று. கோயிலைக் காண வந்த உமர், தொழுகை வேளை வந்ததும் உள்ளே தொழ மறுத்து வெளியே சென்று தொழுதார் என்று, பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத்திக்கியோஸ் என்னும் கிறிஸ்தவத் தலைமைக் குருவே எழுதியுள்ளார். 'யாம் இன்று இங்கே தொழுதால், நாளை எம்மவர் அதனையே காரணங் காட்டி இவ்விடத்தைத் தமதென்பர்' என்பது உமரின் கருத்தாம். ஒரு நாட் செய்கை மறுநாள் வழக்கமாகும்; வழக்கம் உரிமையாகும் என்பதை அப்பெரியார் நன்கறிந்திருந்தனர். இதனை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்வருவன அனைத்துக்கும் இதுவே திறவுகோல்.

1009-இல் எகிப்தை ஆண்ட அல்-ஹாக்கிம் என்னும் கலீபா கோயிலை இடிப்பித்தான். பாறைக் கல்லறையும் பெரும்பாலும் சிதைந்தது. 1048-ஐ ஒட்டிக் கான்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்தியின் பொருளால் அது மீண்டும் எழுந்தது. 1099-இல் சிலுவைப்போர் வீரர் நகரைப் பிடித்தனர். அன்று அவர்கள் செய்த கொலைகள் சரித்திரத்தில் மாறா வடு. இன்று காணும் கட்டடத்தின் பெரும்பகுதி அவர்கள் கட்டியதே; 1149-இல் அதனைத் திறந்தனர். 1187-இல் நகரத்தை மீட்ட சலாதீன், கோயிலை இடிக்குமாறு சிலர் கூறியதைக் கேளாது விடுத்தான்.

இனி, உள்ளே செல்வோம். முற்றத்தில் நின்று நோக்கின் இரட்டை வாயில் தோன்றும்; வலப்பக்கத்தது கல்லால் அடைக்கப்பட்டது. இடப்பக்கத்து வாயிலுட் புகுந்தவுடன், சிவந்த கற்பலகையொன்று தரையில் கிடக்கின்றது. சிலுவையினின்று இறக்கிய திருவுடலுக்கு நறுமணத் தைலம் பூசிய இடத்தை அது குறிப்பதென்பர். யாத்திரிகர் மண்டியிட்டு முத்தமிட்டுத் தம் கைக்குட்டையை அதன்மேல் ஒற்றி எடுத்துச்செல்வர். இப்போதுள்ள பலகை 1810-இல் இடப்பட்டது. வலப்புறம் செங்குத்தான படிகள் ஏறிச்சென்றால் கொல்கொதாப் பாறை. அங்கே ஒரு பீடம் கத்தோலிக்கருக்குரியது. அதனையடுத்த பீடம் கிரேக்கருக்குரியது. கிரேக்கர் பீடத்தின் அடியில் ஒரு துளையுண்டு; அதிற் கையை விட்டால் பாறை தட்டுப்படும். இறங்கி மேற்கே சென்றால் பெரிய வட்ட மண்டபம். அதன் நடுவே கல்லறைமாடம். குனிந்தாலன்றிப் புகலாகாத சிறு வாயில். உள்ளே சிலரே நிற்கத்தக்க சிற்றறை. அவ்வறையிற் சலவைக்கற் பலகை. அவ்வளவே. அவ்வளவுக்காகவே உலகமனைத்தும் திரண்டு வருகின்றது.

கிழக்கே படியிறங்கினால் ஆர்மேனியருக்குரிய ஹெலேனா அரசியார் ஆலயம். படிக்கட்டின் சுவர்களில் எண்ணிறந்த சிறு சிலுவைகள் செதுக்கப்பட்டுள்ளன. அதற்கப்பால் ஆர்மேனியரின் மற்றொரு சிற்றாலயத்தில், 1971-இல் ஒரு கல் வெளிப்பட்டது. அதில் ஒரு கப்பலின் உருவமும், 'ஆண்டவரே, சென்றடைந்தோம்' என்னும் பொருள்பட இரண்டே இலத்தீன் சொற்களும் தீட்டப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்தாரொருவர் தம் பெயரையுங் குறியாது நன்றியை மட்டும் குறித்துச் சென்றனர் போலும்.

இது நிற்க. நண்பர் வினாவுக்கு வருவோம். அக்கோயில் ஒரு சபையாருக்கு உரியதன்று. கிரேக்க ஆர்த்தொடாக்சர், உரோமன் கத்தோலிக்கர், ஆர்மேனியர் என்னும் மூவர் பெரும் பங்காளிகள். காப்தியர், எத்தியோப்பியர், சிரியர் என்னும் மூவர் சிறு பங்காளிகள். இன்ன தூண் இன்னாரது, இன்ன விளக்கு இன்னாரது, இன்ன படியைப் பெருக்குவோர் இன்னார், இன்ன நாழிகையில் இன்னார் பூசை என்று அனைத்தும் வரையறுக்கப்பட்டுள்ளன. இதற்காக நிகழ்ந்த பூசல்கள் பல. துருக்கி சுல்தான்கள் ஒரு காலத்து ஒருவருக்கும் மற்றொரு காலத்து மற்றவருக்கும் சாதகமாக ஆணையிட்டனர். கத்தோலிக்கருக்குப் பிரான்சும், ஆர்த்தொடாக்சருக்கு ருஷியாவும் துணைநின்றன. ஈற்றில் சுல்தான் அப்துல் மெஜித் 1852-இல், உள்ளது உள்ளபடியே இருத்தல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தான். இதனையே 'ஸ்டேட்டஸ் கோ' என்பர். ஆயினும் அந்த வழக்கின் வெப்பம் தணியாது, 1853-இல் தொடங்கிய கிரீமியப் போருக்கு ஒரு காரணமுமாயிற்று. 1878-ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையும், திருத்தலங்களின் அந்நிலையை மாற்றலாகாதென உறுதி செய்தது.

சாளரத்து ஏணியின் மறைபொருள் இதுவே. 1728-ஆம் ஆண்டுச் சித்திரத்திலேயே அவ்விடத்தில் ஓர் ஏணி காணப்படுகின்றது. அதனை எடுப்பவர் அவ்விடத்துக்கு உரிமை கொண்டாடியவராவர். ஆதலின் எடுக்க ஒருவரும் ஒருப்படுவதில்லை. திறவுகோலின் செய்தியும் அத்தகையதே. ஜூதே என்னும் முஸ்லிம் குடும்பத்தார் திறவுகோலை வைத்திருக்க, நுசைபா என்னும் முஸ்லிம் குடும்பத்தார் கதவைத் திறக்கின்றனர். இரவில் கதவு அடைபடும்போது உள்ளே துறவிகள் தங்குவர். கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே உள்ளிருப்போர் ஓர் ஏணியை வெளியே நீட்ட, அதன்மேல் ஏறியே உயரத்திலுள்ள பூட்டைத் திறக்கவேண்டும். பங்காளிகளுள் யார் கையிலிருந்தாலும் ஐயத்துக்கிடமாகும் பொருள், பங்கில்லாதவர் கையில் பாதுகாப்பாயிருக்கின்றது. இதில் இழிவில்லை, தம் குறையைத் தாமே அறிந்து செய்துகொண்ட ஏற்பாடு என்றே யாம் கருதுகின்றோம்.

ஆனால் இவ்வேற்பாட்டுக்கு ஒரு பெருங்குறையுமுண்டு. ஓரிடத்துக் கூரையையோ தளத்தையோ செப்பனிடும் அதிகாரம், அவ்விடத்தின் முழுவுரிமைக்குச் சான்றாகும் என்பது அங்குள்ள வழக்கு. அதனால் ஒருவர் பழுது பார்க்க முன்வந்தால் மற்றவர் தடுப்பர். 1808-இல் தீப்பற்றி வட்ட மண்டபத்தின் கூரை கல்லறைமாடத்தின்மேல் வீழ்ந்தபோது, சுல்தானிடம் அனுமதி பெற்றுக் கிரேக்கர் 1810-இல் மாடத்தைப் புதுக்கினர். அதனால் எழுந்த மனக்கசப்பு நெடுங்காலம் நின்றது. பின்னர் 1927-இல் நிலநடுக்கம் கோயிலை ஆட்டியது. மாடத்தின் சுவர்கள் புடைத்து வெளித்தள்ளின. பங்காளிகள் இணங்காமையால், 1947-இல் பிரிட்டிஷ் ஆட்சியார் இரும்பு உத்திரங்களால் மாடத்தைச் சுற்றிக் கட்டினர். சில்லாண்டுக்கென்று இட்ட அக்கட்டு எழுபதாண்டு நின்றது. உலகெங்கணுமிருந்து வந்தோர், தம் பெருமானது கல்லறையை, முறிந்த எலும்புக்கு வரிச்சல் வைத்துக் கட்டியதுபோல் இரும்புக்கிடையே கண்டு சென்றனர். உரிமையைக் காத்தார் பலர். கல்லறையைக் காத்தார் எவருமிலர்.

பூசலும் ஓயவில்லை. கோயிலின் மேற்றளத்தில், சிறு குடில்களில் எத்தியோப்பியத் துறவிகள் வாழ்கின்றனர். அவ்விடம் தமதென்று காப்தியர் வழக்கிடுகின்றனர். 2002-இல் அங்கே காப்தியத் துறவி ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கித் தம் நாற்காலியைச் சற்று நிழலுக்கு நகர்த்தினார். அதுவே கைகலப்பாகி 11 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். உமர் பெரியார் அஞ்சியது எத்துணை மெய்!

இத்தனைக்கும் பின்னர் ஒரு நன்மை நிகழ்ந்தது. மாடம் இடியும் நிலையிலுள்ளதென்று அறிஞர் எச்சரித்தனர். 2016-இல் கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மேனியர் மூவரும் ஒன்றுகூடிச் செலவைத் தாமே பகிர்ந்துகொள்ள இசைந்தனர். பிறரும் பொருளுதவினர், முஸ்லிமாகிய ஜோர்தான் மன்னர் அவருள் ஒருவர். ஏதென்சு நகரத்துத் தேசியத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் வேலையை நடத்தினர். அவ்வாண்டு அக்டோபரில் சலவைக்கற் பலகையை நீக்கியபோது, அதன்கீழே சிலுவை பொறித்த மற்றொரு பழம்பலகையும், அதற்கும் கீழே பாறையிற் குடைந்த பழைய படுக்கையும் காணப்பட்டன. இடையிலிருந்த சுண்ணச் சாந்தை ஆராய்ந்தோர், அது ஏறக்குறைய கி.பி. 345-ஆம் ஆண்டினது என்று கண்டனர். கான்ஸ்டன்டைன் காலத்துக் கோயிலின் செய்தி அதனால் உறுதிப்பட்டது. 2017 மார்ச்சு 22-இல் மாடம் மீண்டும் திறக்கப்பெற்றது. இரும்பு உத்திரங்கள் அகன்றன. எழுபதாண்டு வழக்கிட்டுத் தீராதது, மனமொத்தபின் ஓராண்டிற்குள் முடிந்தது!

நண்பருக்கு யாம் கூறிய முடிவு இதுவாகும். அடியார்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது மெய்யே. நம்பாமையை மறைத்து நடியாது, அதற்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர் என்பதும் மெய்யே. பங்காளிகள் பலராயுள்ள எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். விதி சண்டையைத் தடுக்கும், சுவரைத் தாங்காது. வீடு ஒழுகும்போது, 'இது யார் பங்கு?' என்று கேட்பார் உரிமையறிந்தவர்; 'ஓடு எங்கே?' என்று கேட்பாரே வீட்டுக்குரியவர்.

நண்பர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "அவ்வாறாயின் அந்த ஏணி?" என்றார். "அது இருக்கட்டும், கல்லறையின் இரும்புக்கட்டு அவிழ்ந்ததன்றோ? அதனை அவிழ்த்தவர்களின் வழியினர் ஒருநாள் ஏணியையும் எடுப்பர்" என்றேம். அவர் முகம் தெளிந்தது. தாம் கொணர்ந்த ஒலிவமரச் சிலுவையொன்றை எம் மேசைமேல் வைத்து விடைபெற்றனர்.